மரிச்சுக்கட்டிக்கு வந்தவரும் வராத மனைவியும்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் எருக்கலம்பிட்டியில் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. புத்தளத்து நாகவில்லுவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்திறங்கும் குடும்பங்கள், யார் வீட்டில் யார் தங்குவது என்ற கணக்கெல்லாம் பாராமல் பாய் விரித்துப் படுத்துக்கொள்கின்றன. பெண்கள் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்து வருவதும், ஆண்கள் அஸர் தொழுகைக்குப் பின் காலாற நடப்பதுமாக நாட்கள் கழிகின்றன. புதிய ஊரைப் பார்ப்பதைவிடப் பழகிய முகங்களைப் பார்ப்பதே நம் மக்களிடையே விடுமுறை எனப்படுவது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் மக்களும் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஊர் இருந்தும் அவர்களிற் பெரும்பாலோரால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஆதலால் இன்றைய இந்தச் சாதாரணப் போக்குவரத்துக்குப் பிற ஊர்களில் இல்லாத ஒரு கனம் இருக்கின்றது.

அப்படியான விடுமுறை நாளொன்றில் அங்கு சென்றிருந்தபோது ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரின் விறாந்தையில் அமர்ந்து பேச நேர்ந்தது. அவருடைய வாப்பாவின் வாப்பா மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்குப் போய்வந்தவராம். அந்த மரிச்சுக்கட்டியில் இளம் அதிகாரியாக வேலை பார்த்த லெனார்ட் வூல்ஃபின் நூல்களை அவர் விரும்பிப் படித்திருக்கின்றார். வூல்ஃப் தம் புகழ்பெற்ற மனைவி வேர்ஜீனியாவை அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் எப்போதாவது வந்ததுண்டா என்பது அவருடைய கேள்வி. வந்ததில்லை என்பதே பதில். உலகின் எத்தனையோ கரைகளுக்கு விடுமுறையில் போய்வந்த அந்தத் தம்பதி மன்னார்க் கரையை ஒன்றாகப் பார்த்ததில்லை. ஆயினும் இந்நாட்டு எழுத்துகள் அவர்களுடைய வீட்டுக்குள், அதுவும் மிக அந்தரங்கமான ஓரிடத்துக்குள், புகுந்திருந்தன. அதைச் சொல்வதற்கு அவர் வாழ்க்கையைச் சற்று முன்னிருந்தே சொல்ல வேண்டும்.

லெனார்ட் வூல்ஃப் 1880 நவம்பர் 25ஆந் திகதி லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற வழக்கறிஞர். அவர் 1892இல் காலமானதும் குடும்பத்தின் செல்வநிலை ஒரே நாளில் சரிந்தது. புலமைப்பரிசிலின் துணையாற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டிக் கல்லூரிக்குச் சென்ற லெனார்ட் அங்கு தேடிக்கொண்ட நண்பர்களே அவருடைய வாழ்வை வகுத்தவர்கள். லிட்டன் ஸ்ட்ரேச்சி, கிளைவ் பெல், தோபி ஸ்டீபன் ஆகியோர் அவர்களுட் சிலர். தோபியைப் பார்க்கக் கேம்பிரிட்ஜுக்கு வந்த சகோதரிகளில் ஒருத்தியே வேர்ஜீனியா. 1904 நவம்பரில், கப்பலேறுவதற்குச் சில நாட்கள் முன்னர், லெனார்ட் அவர்களுடைய லண்டன் வீட்டில் இராப்போசனத்துக்குச் சென்றார். அதன் பின் ஆறரை ஆண்டுகள் அவளைக் காணவில்லை.

குடியேற்றநாட்டுச் சேவையில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அவர் 1904 டிசம்பரில் வால்டேரின் நூற்றொகுதியோடும் ஒரு நாயோடும் கொழும்பில் இறங்கி, மறுமாதமே யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். தமிழ் கற்றார். டைபொயிட் காய்ச்சலிற் படுத்துப் பண்டாரவளையில் தேறினார். 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபத்தைந்து வயதில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார்.

மரிச்சுக்கட்டி இன்று முசலிப் பிரதேசத்தின் ஒரு முஸ்லிம் கிராமம். அன்று அது காட்டோரத்து வெறும் மணல். முத்துக்குளிப்புக் காலத்தில் மட்டும் அந்த மணலில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரம் எழும். சில வாரங்களுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் அங்கு வாழ்வார்கள். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த குளிப்பாளர்கள், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபுகள், சம்மாட்டிகள், முத்து வணிகர்கள், கடைக்காரர்கள், இவர்களை நம்பி வந்த கள்ளர்கள் என்று எல்லோரும் அங்கிருப்பர். அதற்கு முந்திய 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடி வரையிலான சிப்பிகள் எடுக்கப்பட்டு அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம் கிட்டியிருந்தது. அந்த வெற்றியின் மயக்கத்திலேயே 1906ஆம் ஆண்டுக் குளிப்பும் தொடங்கியது.

வூல்ஃபின் பொறுப்பில் இருந்தது கொட்டு. பிற்பகலில் தோணிகள் திரும்பியதும் சிப்பிகளைக் கொட்டுக்குட் கொண்டுவந்து ஒவ்வொரு குளிப்பாளரும் மூன்று கூறாகப் பிரித்து வைக்க வேண்டும். அவற்றில் அரசாங்கம் விரும்பிய இரண்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்று குளிப்பாளருக்கு. அரசாங்கத்தின் பங்கு அன்றிரவே ஏலம் போகும். மூச்சடக்கிக் கடலடியில் இறங்குபவனுக்கு ஒன்று, கரையில் நிற்பவனுக்கு இரண்டு என்ற அந்தக் கணக்கை நாம் வேறு எதுவும் சொல்லாமலே வாசகர்கள் விளங்கிக்கொள்வார்கள். ஏலத்தில் வாங்கப்பட்ட சிப்பிகள் வெய்யிலில் அழுகி, புழு தின்று, சதை கரைந்த பின்னரே முத்து வெளிப்படும். அந்த நாற்றமும் ஈக்களும் ஊணிலும் உறக்கத்திலும் கலந்திருந்தன. இரவில் மூன்று நான்கு மணி நேர உறக்கமே அவருக்கு வாய்த்தது. கையில் ஒரு கைத்தடி, பக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள். இவ்வளவைக் கொண்டே அத்தனை பெருங்கூட்டத்தையும் ஆளமுடிந்தது என்பதை அவர் முதுமையிலும் வியந்து நினைத்துக்கொண்டார்.

அரபுகள் அவருக்குப் பிடித்துப்போனார்கள். துரை என்று ஒதுங்கி நில்லாமல் மனிதனோடு மனிதனாக அவர்கள் நடந்துகொண்டதே காரணம். குளிப்பாளர் ஒருவர் கடலில் இறந்து, உடலை இரவில் கரைக்குக் கொண்டுவந்ததை அவர் நேரிற் கண்டார். தோழர்கள் உடலைத் தோளிற் சுமந்து நீரில் நடந்து வந்ததும், தலைவர் அங்கேயே நின்று இறந்தவரின் சகோதரனுக்கு ஆறுதல் கூறியதும் அவர் மனதில் அழியாது பதிந்தன. பிற்காலத்தில் இந்த முத்துக்குளிப்பை வைத்து அவர் எழுதி 1921இல் வெளிவந்த சிறுகதையின் உயிர் அந்த இரவுதான். வெள்ளையர் ஆட்சியைப் பற்றிய பெருமிதம் அதில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு நற்பெயர் மட்டும் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. குதிரையிலிருந்தபடி சவுக்கால் தம் முகத்தில் அடித்தார் என்று தமிழ் வழக்கறிஞர் ஒருவர் அவர்மீது முறைப்பாடு செய்தார். தாம் தெருவில் எதையோ சுட்டிக்காட்டியதேயன்றி அடிக்கவில்லை என்பது வூல்ஃபின் மறுமொழி. ஆனால் அடிக்கப்பட்டோம் என்று ஒருவர் நம்புவதற்கு இடமிருக்கும் ஓர் ஆட்சியில் தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஐயம் அன்று அவருக்குள் விழுந்தது. கண்டியிலும், பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்து, 1911 மே மாதம் ஓராண்டு விடுமுறையில் ஊர் திரும்பினார்.

அந்த விடுமுறை முடியவே இல்லை. 1911 ஜூலை 3ஆந் திகதி, வேர்ஜீனியாவின் அக்கா வனெஸாவின் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். உணவு முடிந்த பின் வேர்ஜீனியா வந்து சேர்ந்தாள். தோபி அப்போது உயிரோடில்லை. சகோதரர்கள் எல்லோருமாக 1906இல் கிறீஸ் நாட்டுக்கு விடுமுறை சென்றபோது டைபொயிட் பற்றி அவர் அவ்வாண்டு நவம்பரில் மறைந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அதே நோயிலிருந்து பிழைத்தெழுந்தவர் அந்தச் செய்தியைக் கடிதத்தில் படித்தார். இப்போது நண்பனின் தங்கையை மணக்க விரும்பினார். விடுமுறையை நீடிக்கக் கோரியதற்கு என்ன காரணம் என்று குடியேற்றநாட்டு அமைச்சு கேட்டது. அவர் காரணத்தைச் சொல்லாமல் பதவியைத் துறந்தார். அவள் சம்மதிப்பாளா என்பது அப்போது உறுதியில்லை. மே மாத இறுதியில் சம்மதித்தாள். 1912 ஓகஸ்ட் 10ஆந் திகதி பதிவுத் திருமணம் நடந்தது. லெனார்டின் தாயாருக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை. அந்தப் புண் அந்த அம்மையாருக்கு ஆறவில்லை. யூதரைப் பற்றி வேர்ஜீனியாவின் வட்டத்தில் சாதாரணமாகப் புழங்கிய இளக்காரம் அவளிடமும் இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. எல்லா நண்பர் வீடுகளுக்கும் ஆசையோடு போனவர்கள், மாமியார் வீட்டுக்குக் கடமைக்காகவே போனார்கள்.

தேனிலவு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று ஒக்டோபர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு, அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றின் அழிவைச் சொல்லும் லெனார்டின் முதல் நாவல் வெளிவந்தது. (லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் பத்தேகம என்ற பெயரில் அதைத் திரைப்படமாக்கியபோது நீதிபதி வூல்ஃபாக நடித்தவர் விஞ்ஞான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்.) நூல் வெளிவந்த அதே 1913இல் வேர்ஜீனியா மனநோயால் வீழ்ந்து, உறக்க மருந்தை அளவுக்கு மீறி விழுங்கினாள். உயிர் தப்பியது அரிது. 1915இல் நோய் மீண்டும் கடுமையாக வந்தது.

அக்காலத்து மருத்துவம் இதற்கு ஓய்வையும் உணவையும் உறக்கத்தையும் தவிர வேறெதையும் அறியாது. எனவே ஓய்வே இந்தத் தம்பதியின் தொழிலாயிற்று. அவள் எத்தனை மணிக்கு உறங்கினாள், என்ன உண்டாள், மனநிலை எப்படி என்பதை லெனார்ட் நாள்தோறும் நாட்குறிப்பிற் பதிந்தார். பிறர் கண்ணிற் பட்டாலும் விளங்கக் கூடாதென்று அந்தக் குறிப்புகளைத் தமிழ், சிங்கள எழுத்துகளைக் கலந்த ஒரு சங்கேத முறையில் எழுதிவந்தார். யாழ்ப்பாணத்தில் வரி அறவிடவும் வழக்கு விசாரிக்கவும் ஓர் அதிகாரி கற்ற எழுத்து, லண்டனில் ஒரு கணவனின் கவலையை மறைத்து வைக்கப் பயன்பட்டது. தமிழெழுத்து எத்தனையோ பணிகளைச் செய்திருக்கின்றது. இத்தகைய பணியை வேறெங்கும் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அவர்களுடைய விடுமுறைகளை இந்த வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும். லண்டனில் வாரநாட்களும் சசெக்ஸ் கிராமத்தில் விடுமுறைகளும் என்று வாழ்வைப் பிரித்துக்கொண்டார்கள். 1917இல் வாங்கிய ஒரு சிறு கைஅச்சு இயந்திரமும் மனத்துக்கு ஆறுதலான கைவேலை என்று கருதப்பட்டதே. ஹோகாத் பிரஸ் என்ற புகழ்பெற்ற பதிப்பகமாக அது வளரும் என்று யாரும் எண்ணவில்லை. 1919 ஜூலையில் றொட்மெல் கிராமத்திலுள்ள மங்க்ஸ் ஹவுஸ் என்ற பழைய வீட்டை ஏலத்தில் 700 பவுணுக்கு வாங்கினார்கள். குளியலறைகூட இல்லாத வீடு. வேர்ஜீனியாவின் நூல்கள் விற்ற காசில்தான் சில ஆண்டுகளின் பின் அது கட்டப்பட்டது. லெனார்ட் தோட்டக்காரரானார். ஆப்பிள் மரங்களைக் கத்தரிப்பது, தேனீ வளர்ப்பது என்று அவருக்கு ஓயாத வேலை. ஓய்வு நாளையும் உழைப்பால் நிரப்பாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது போலும்.

அந்த வீட்டுக்கு விருந்தினர் வராத வாரம் குறைவு. ஈ. எம். ஃபோஸ்டர் வருவார். டி. எஸ். எலியட் வருவார். புல்வெளியில் பந்துருட்டி விளையாடுவார்கள். குன்றுகளுக்கு அப்பால் சில மைல் தொலைவில் சார்ல்ஸ்டன் பண்ணையில் அக்கா வனெஸா இருந்தாள். அருகிலேயே பொருளியலறிஞர் கெய்ன்ஸின் வீடு. நடந்தும் சைக்கிளிலும், 1927இல் வாங்கிய பழைய சிங்கர் காரிலும் இந்த வீடுகளுக்கிடையே அவர்கள் போய்வந்த வண்ணமிருந்தார்கள். பேச்சு சூடேறி, வேர்ஜீனியாவின் முகம் சிவந்து, குரல் உயரத் தொடங்கினால் லெனார்ட் கடிகாரத்தைப் பார்ப்பார். நேரமாயிற்று என்று எழுப்பி அழைத்துப் போவார். நண்பர்கள் முணுமுணுத்தார்கள். அவளைச் சிறைவைத்தவர் என்றே பிற்கால விமர்சகர் சிலர் எழுதினார்கள். நோயாளியை வைத்துப் பார்த்தவர்கள் அவ்வளவு இலகுவாக அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது நமது எண்ணம். அவளுடைய பெரும் நாவல்கள் எல்லாம் அந்தக் காவலின் கீழ் எழுதப்பட்டவை. காவலின் இறுக்கம் அவளுக்குச் சில வேளை கசந்தது என்பதும் உண்மையே.

ஆண்டுக்கொரு முறை கடல் கடந்தார்கள். 1923இல் ஸ்பெயினின் மலைக்கிராமமொன்றில் தனித்து வாழ்ந்த ஜெரால்ட் பிரெனன் என்ற இளம் எழுத்தாளரைக் காண, கோவேறு கழுதையேறிப் போனார்கள். 1932இல் ஓவிய விமர்சகர் றொஜர் ஃப்ரையோடும் அவர் சகோதரியோடும் கிறீஸ் சென்றார்கள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தோபியை நோய் பற்றிய நாடு அது. 1934இல் அயர்லாந்தில் எழுத்தாளர் எலிசபெத் போவனின் பழைய மாளிகையில் தங்கினார்கள்.

1935 ஜனவரியில் வனெஸாவின் ஓவியக்கூடத்தில் நண்பர்களுக்காக வேர்ஜீனியா எழுதிய நகைச்சுவை நாடகமொன்று நடிக்கப்பட்டது. வேர்ஜீனியாவுடைய தாயாரின் பெரியன்னை ஜூலியா மார்கரெட் கமரன், பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் இங்கேயே மறைந்தவர். அவர்கள் சவப்பெட்டிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட கதைதான் நாடகம். கிழவர் கமரனாக நடித்தவர் லெனார்ட். இலங்கையை உண்மையில் அறிந்த ஒரேயொருவர், இலங்கைக்குப் புறப்படும் வேடத்தில் நின்றார். வேர்ஜீனியா இலங்கையை நெருங்கியது அந்தளவே.

அதே ஆண்டு மே மாதப் பயணம் விளையாட்டல்ல. ஒல்லாந்து, ஜேர்மனி, ஒஸ்திரியா வழியாக இத்தாலிக்குக் காரிற் போவதென்று முடிவெடுத்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. யூதர் ஒருவர் அங்கு போகலாமா என்று வெளியுறவு அமைச்சில் இருந்த நண்பரிடம் வினவியபோது அவர் தயங்கினார். லண்டனிலிருந்த ஜேர்மன் தூதரகத்தில் ஒரு பரிந்துரைக் கடிதமும் பெறப்பட்டது. கடிதம் சட்டைப்பையில். லெனார்டின் தோளிலோ மிட்ஸ் என்ற கையளவுக் குரங்கு, எங்கும் அவரை விட்டுப் பிரியாதது.

பொன் நகருக்கு அருகில் அவர்கள் எதிர்பாராத ஒரு கூட்டத்தினுள் அகப்பட்டார்கள். கோரிங்கை வரவேற்கத் தெருவின் இருமருங்கும் கொடியோடு மக்களும் பாடசாலைப் பிள்ளைகளும் நின்றிருந்தனர். யூதர் இங்கு வேண்டாதவர் என்ற வாசகங்கள் தெருவுக்குக் குறுக்கே தொங்கின. திறந்த கூரையுடைய காரில் ஒரு யூதர், மைல் கணக்கில், அந்த முகங்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போனார். குரங்கைக் கண்ட கூட்டம் ஆரவாரித்துச் சிரித்தது. கை உயர்த்தி வாழ்த்தியது. இவ்வளவு அருமையான பிராணியை வைத்திருப்பவர் யூதராக இருக்க முடியும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தூதரகக் கடிதத்தை எடுத்துக் காட்டும் தேவையே ஏற்படவில்லை. எல்லை கடந்து ஒஸ்திரியாவுக்குள் போன பிறகே இருவருக்கும் மூச்சு வந்தது. நான்கு மாதங்களின் பின், செப்டெம்பரில், நியூரம்பெர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன.

இந்தப் பகுதியைப் படித்தபோது தாம் நூலை மூடிவைத்துவிட்டதாக எருக்கலம்பிட்டி ஆசிரியர் கூறினார். ஒலிபெருக்கியில் வந்த கட்டளையையும், கையில் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சிறு தொகையையும், கடற்கரையிற் படகுக்குக் காத்திருந்த நேரத்தையும் அவர் விரிவாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. சிரித்த முகங்கள் எப்போது மாறும் என்று தெரியாமல் அவற்றிடையே போவது எப்படியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அயலவரான தமிழர் சிலர் அழுதுகொண்டு வழியனுப்பியதையும் அவர் மறக்கவில்லை.

லெனார்ட் இதற்குள் தொழிற்கட்சியின் குடியேற்றநாட்டு ஆலோசனைக் குழுவின் செயலாளராகப் பல்லாண்டு உழைத்திருந்தார். இலங்கையின் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகச் சுவிற்சர்லாந்து மாதிரியில் ஒரு சமஷ்டி அமைப்பை ஆராயலாம் என்று 1938இல் ஒரு குறிப்பில் எழுதியவர் அவரே. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

1939இல் பிரான்ஸின் வடமேற்குக் கரைக்கு மேற்கொண்ட பயணமே அவர்கள் சேர்ந்து கடல் கடந்த கடைசி முறை. போர் வந்தது. 1940இல் ஜேர்மன் படை இங்கிலாந்தில் இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, ஒரு யூதருக்கும் அவர் மனைவிக்கும் என்ன நேரும் என்பதில் இருவருக்கும் மயக்கமில்லை. கார்க் கொட்டகையின் கதவை அடைத்துப் புகையில் மூச்சடைத்து ஒன்றாக இறப்பதென்று பேசி முடிவு செய்தார்கள். உல்லாசப் பயணங்களுக்கு ஓடிய காருக்கு, இப்போது அதற்கென்று பெற்றோல் ஒதுக்கி வைக்கப்பட்டது. அவர்கள் அஞ்சியது வீணல்ல. கைது செய்யப்பட வேண்டியோர் என நாசிகள் தயாரித்திருந்த பட்டியலில் இருவர் பெயரும் இருந்தமை போரின் பின் தெரியவந்தது. லண்டனில் அவர்கள் வாழ்ந்த வீடுகள் குண்டுவீச்சில் அழிந்தன. விடுமுறை வீடே ஒரே வீடாயிற்று. நண்பர்கள் வருவதற்குப் பெற்றோல் இல்லை. 1941 மார்ச் 28ஆந் திகதி வேர்ஜீனியா சட்டைப்பையிற் கல்லை வைத்துக்கொண்டு அருகிலிருந்த ஊஸ் ஆற்றில் இறங்கினாள். மூன்று வாரங்களின் பின்னரே உடல் கிடைத்தது. தோட்டத்தில் இருந்த இரு எல்ம் மரங்களில் ஒன்றின் கீழ் லெனார்ட் சாம்பலைப் புதைத்தார்.

அதன் பின் அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1960 பெப்ரவரியில், எழுபத்தொன்பதாவது வயதில், ஓவியத் தோழி டிறெக்கி பார்சன்ஸுடன் இலங்கைக்கு வந்தார். ஆட்சியாளராக வந்த நாட்டுக்கு விருந்தினராக வந்தபோது கிடைத்த உபசாரம் அவரை நெகிழ வைத்தது. ஆயினும் அக்காலத்தில் சுதேச அதிகாரியாயிருந்த முதியவர் ஒருவர், கால்நடைக் கொள்ளைநோய் பரவிய நாட்களில் வூல்ஃப் நடந்துகொண்ட கடுமை நியாயமானதா என்று அரை நூற்றாண்டு கழித்து நேருக்கு நேர் கேட்டார். சட்டப்படி சரி என்று தாம் சொன்ன பதில் தமக்கே நிறைவளிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 1969 ஓகஸ்ட் 14ஆந் திகதி றொட்மெல்லில் காலமானார். அவருடைய சாம்பலும் அதே தோட்டத்தில்தான்.

அவரது ஆவணங்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றன. மரிச்சுக்கட்டியில் அந்த ஓலை நகரத்தின் சுவடில்லை. வெளியேற்றப்பட்ட அவ்வூரவர் 2009க்குப் பின் திரும்பி வந்து காடு வெட்டி மீண்டும் குடியேறினர்.

நாம் இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில், அந்தத் தமிழெழுத்துச் செய்தி ஆசிரியருக்குப் புதிதாயிருந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்த வேளை, வாசலில் முச்சக்கரவண்டியொன்று வந்து நின்றது. நாகவில்லுவிலிருந்து மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் பெட்டிகளோடு இறங்கினார்கள். ஆசிரியர் எழுந்து போய்விட்டார். உள்ளேயிருந்து நமக்கும் சேர்த்துத் தேநீர் வந்தது.